அனுபவம் என்ற இடம் காலியாக இருக்கும்போது: மாணவர்களுக்கான முதல் ரெஸ்யூமே வழிகாட்டி

புது ஃபைலைத் திறந்து பெயர், ஃபோன் நம்பர், மெயில், படிக்கும் படிப்பு என்று நான்கு வரி அடித்தாகிவிட்டது. ஐந்தாவதாக ‘பணி அனுபவம்’ என்று தலைப்புப் போட்டதும் கை நின்றுவிடுகிறது. கர்சர் மினுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். நெட்டில் கிடைத்த யாரோ ஒருவருடைய ரெஸ்யூமேயை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். இல்லாவிட்டால் ‘கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவர், விரைவாகக் கற்றுக்கொள்பவர்’ என்று பக்கத்தை ரொப்புகிறார்கள். நானும் முதல் தடவை இரண்டாவது வழியில்தான் போனேன். நேர்காணலில் எதிரே இருந்தவர் ‘விரைவாகக் கற்றுக்கொள்பவர்’ என்ற வரியின் மேல் பேனாவை வைத்து, “கடைசியா எதை அப்படிக் கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எழுத எதுவுமே இல்லாத மாணவரைப் பார்ப்பது அபூர்வம். செய்ததையெல்லாம் வேலை என்று கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பதுதான் சிக்கல். சம்பளம் வந்தால்தான் அனுபவம் என்று நமக்கு ஒரு நினைப்பு. ரெஸ்யூமேயைப் படிக்கிறவருக்கோ உங்கள் சம்பளச் சீட்டு தேவையில்லை. இந்த ஆளிடம் ஒரு காரியத்தைக் கொடுத்தால் முடித்துத் தருவாரா, பாதியில் விட்டுவிட்டுப் போவாரா என்பதற்கு ஏதாவது ஓர் அடையாளம் கிடைத்தால் போதும். அந்த அடையாளங்களைத் தேடி எடுப்பதும், அவற்றை வரிகளாக மாற்றுவதும்தான் இங்கே வேலை. முதல் தடவை ஒரு முழு நாளாவது பிடிக்கும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்

த லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனம், ஆள் எடுப்பவர்களின் கண் அசைவைப் பதிவு செய்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு ரெஸ்யூமேயின் மீது முதல் பார்வை நின்ற நேரம் சராசரியாக 7.4 நொடி. 2012-ல் அதே நிறுவனம் சொன்ன கணக்கு 6 நொடி. இதைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். அந்த ஏழு நொடியில் உங்கள் தலையெழுத்து முடிந்துவிடுவதில்லை. ‘இதை நிதானமாகப் படிக்கலாமா’ என்ற முடிவுதான் எடுக்கப்படுகிறது. ஆனால் அந்த முடிவுக்கு உதவுவது பக்கத்தின் மேல் பாதியும், தலைப்புகளும், ஒவ்வொரு வரியின் முதல் நான்கைந்து சொற்களும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் பல விஷயங்களுக்கு இதுதான் காரணம்.

பெரிய நிறுவனங்களில் மனிதர் பார்ப்பதற்கு முன்னால் ஒரு மென்பொருள் பார்க்கும். ஏடிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உங்கள் ஃபைலிலிருந்து எழுத்துகளை மட்டும் உருவி எடுத்து, பெயர், கல்வி, திறன் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். அதற்கு அழகு தெரியாது. எழுத்து மட்டும்தான் தெரியும்.

இங்கே ஒரு பழைய கதை. ஏறத்தாழ 1482-ல், முப்பது வயதுக்காரரான லியனார்டோ டா வின்சி, மிலானை ஆண்டுகொண்டிருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்ட்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். உலகின் முதல் ரெஸ்யூமே என்று அதைப் பலர் சொல்வதுண்டு. அதில் வரிசை எண் போட்டுப் பத்து விஷயங்கள். எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலம், முற்றுகையின்போது அகழியிலிருந்து நீரை வடிக்கும் முறை, பீரங்கி, மூடிய போர் வண்டி என்று பெரும்பகுதி யுத்தம் சம்பந்தப்பட்டது. தனக்கு ஓவியமும் வரையத் தெரியும் என்பது கடைசியில்தான் வருகிறது. தன்னிடம் எது சிறந்தது என்று அவர் யோசிக்கவில்லை; படிக்கிறவருக்கு இப்போது எது தேவை என்று யோசித்திருக்கிறார். மிலானுக்கு அப்போது எதிரிகள் இருந்தார்கள். (சொன்னவற்றில் பெரும்பாலானதை அதுவரை அவர் செய்து காட்டியதில்லை என்பது வேறு விஷயம். அதை மட்டும் பின்பற்றாதீர்கள்.)

படி 1: முதலில் சரக்கைக் கொட்டுங்கள்

ரெஸ்யூமே ஃபைலை மூடி வைத்துவிட்டு ஒரு நோட்டை எடுங்கள். கடந்த மூன்று நான்கு வருடங்களில் செய்ததையெல்லாம் எழுதுங்கள். நல்லது, கெட்டது, சின்னது என்று தரம் பிரிக்க வேண்டாம். இது யாருக்கும் காட்டப்போகிற பட்டியல் இல்லை.

‘உங்கள் சாதனைகள் என்ன’ என்று கேட்டால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். எந்த அறையின் அல்லது அலமாரியின் சாவி என் கையில் இருந்தது? யாருடைய பணத்துக்கு நான் கணக்குச் சொன்னேன்? நான் வராத நாளில் எது நின்றுபோனது? எந்தச் சந்தேகம் வந்தால் நண்பர்கள் எனக்கு ஃபோன் செய்வார்கள்? யாரும் சொல்லாமலேயே நானாகச் செய்த காரியம் எது? ஒருவரிடம் நன்றாகத் திட்டு வாங்கி, அப்புறம் சரிசெய்தது எது?

சாவிக் கேள்வி எனக்குப் பிடித்தது. இதை ஒரு மாணவியிடம் கேட்டேன். “ஒண்ணுமில்லை, லேபுல கேமரா வெச்சிருக்கிற பீரோ சாவி மட்டும் என்கிட்ட இருக்கும்” என்றார். மேலே கேட்டதும்தான் விவரம் வந்தது. பதினொரு கேமராக்கள். யார் எப்போது எடுத்துப் போனார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள் என்று இரண்டு செமஸ்டர் நோட்டுப் போட்டிருக்கிறார். ஒன்றுகூடத் தொலையவில்லை. இதை அவர் ‘ஒண்ணுமில்லை’ என்று விட்டிருந்தார்.

பட்டியலில் என்னவெல்லாம் வரலாம்: வகுப்பு ப்ராஜெக்ட், செமினார், கல்லூரி விழா, மன்றப் பொறுப்பு, விளையாட்டு அணி, தன்னார்வப் பணி, ஜூனியர்களுக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கோ பாடம் சொல்லிக் கொடுத்தது, குடும்பத் தொழிலில் கை கொடுத்தது, விடுமுறையில் செய்த பகுதி நேர வேலை, சும்மா ஆர்வத்தில் செய்த வெப்சைட், எடுத்த வீடியோ, முடித்த ஆன்லைன் கோர்ஸ். கோர்ஸில் சேர்ந்தது கணக்கில் வராது, முடித்தால்தான். வீட்டில் உடம்பு முடியாத ஒருவரை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டதுகூட எழுதலாம். அதை வெளியே சொல்ல விருப்பமிருந்தால் மட்டும்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எத்தனை பேரோடு, என்ன கருவி அல்லது மென்பொருள், கடைசியில் என்ன ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். இனி எழுதப்போகும் எல்லா ரெஸ்யூமேக்களும் இதிலிருந்துதான் பிறக்கும்.

படி 2: விளம்பரத்தைப் பேனாவோடு படியுங்கள்

ஒரே ரெஸ்யூமேயை ஐம்பது இடத்துக்கு அனுப்புவதைவிட, ஐந்து இடத்துக்கு ஐந்து விதமாக அனுப்புவது மேல். விளம்பரத்தை ஒரு தாளில் அச்செடுத்தோ காப்பி செய்தோ வைத்துக்கொண்டு, அந்த வேலையில் தினமும் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லும் இடங்களில் அடிக்கோடு போடுங்கள். ‘உற்சாகமான சூழல்’, ‘துடிப்பான அணி’ போன்றவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள். அதெல்லாம் அலங்காரம்.

உதாரணத்துக்கு, ஓர் அலுவலகத்தில் பயிற்சிப் பணி. ‘வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதிலளித்தல், விவரங்களை ஸ்ப்ரெட்ஷீட்டில் பதிவு செய்தல், வாராந்திர அறிக்கை தயாரித்தல்’ என்று போட்டிருக்கிறார்கள். மூன்று காரியம். பேச வேண்டும், பிழையில்லாமல் பதிவு செய்ய வேண்டும், தொகுத்து எழுத வேண்டும். இப்போது நோட்டைத் திறந்து இந்த மூன்றுக்கும் பக்கத்தில் வரக்கூடியது எது என்று பாருங்கள். கேமரா பீரோ சாவி இரண்டாவதற்கு அப்படியே பொருந்தும். கல்லூரி விழாவில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தது முதலாவதற்கு. மாநில அளவில் கேரம் போட்டியில் ஜெயித்தது எதற்கும் பொருந்தவில்லை; இடமிருந்தால் கடைசியில் ஒரு வரியாக வரட்டும்.

சொற்களையும் கவனியுங்கள். அவர்கள் ‘ஸ்ப்ரெட்ஷீட்’ என்றால் நீங்களும் ‘ஸ்ப்ரெட்ஷீட்’ என்றே எழுதுங்கள். மென்பொருள் சொல் பார்த்துத் தேடினால் மாட்டும். மனிதருக்கும் ‘இவர் விளம்பரத்தைப் படித்திருக்கிறார்’ என்று தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரியாத திறனை அவர்கள் கேட்டிருக்கிறார்கள் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

படி 3: ஒரு வரியைச் செதுக்குவது

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். துறை நடத்திய கருத்தரங்கில் வேலை செய்த ஒரு மாணவர் முதலில் இப்படி எழுதியிருந்தார்:

‘துறைக் கருத்தரங்கில் தன்னார்வலராகப் பங்கேற்றேன்.’

இதில் பொய் எதுவுமில்லை, விஷயமும் எதுவுமில்லை. அன்றைக்கு ஹாலில் உட்கார்ந்து டீ குடித்தவரும் இதையே எழுதலாம். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பதிவு மேசையில் இருந்தாராம். சரி, எத்தனை பேர் வந்தார்கள்? “முந்நூறுக்கு மேல இருக்கும்.” எப்படித் தெரியும்? “பேட்ஜ் 350 அடிச்சோம், முப்பது சொச்சம் மிச்சம்.” மேசையில் எத்தனை பேர்? மூன்று பேர். என்ன பிரச்சினை வந்தது? முதல் நாள் அச்செடுத்த பட்டியலில் பெயரைத் தேடித் தேடிப் பெரிய வரிசை நின்றுவிட்டது. அப்புறம்? அன்று இரவு உட்கார்ந்து பட்டியலை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றி, மறுநாள் லேப்டாப்பில் பெயரைத் தேடி எடுத்தார்கள். வரிசையே இல்லை.

இந்தக் கடைசித் தகவலைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை அதை யாரும் கேட்டிருக்கவில்லை. இப்போது வரி இப்படி ஆனது:

‘இரண்டு நாள் கருத்தரங்கில் சுமார் 320 பேரின் பதிவை மூவர் குழுவாகக் கவனித்தோம். அச்சுப் பட்டியலை ஒரே இரவில் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு மாற்றினேன். மறுநாள் பதிவு மேசையில் வரிசை நிற்கவில்லை.’

இந்த இரண்டாவது வரியில் எண்ணிக்கை இருக்கிறது, கருவி இருக்கிறது, ஒரு சிக்கலும் அது தீர்ந்த விதமும் இருக்கின்றன. எல்லா வரிகளுக்கும் இத்தனையும் கிடைக்காது. இரண்டு கிடைத்தால்கூடப் போதும்.

எண் என்றாலே லாபம், சதவீதம் என்று நினைத்துக்கொண்டு ‘திறனை 40 சதவீதம் உயர்த்தினேன்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. மாணவருடைய ரெஸ்யூமேயில் அதைப் பார்த்தாலே சந்தேகம் வரும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாதம், எத்தனை பேர், எத்தனை பக்கம், எத்தனை கேமரா என்பவையும் எண்கள்தான். துல்லியமாகத் தெரியாவிட்டால் ‘சுமார்’ போடலாம். ஒரே நிபந்தனை: “எப்படி எண்ணினீர்கள்?” என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். அந்த பேட்ஜ் கணக்கு மாதிரி.

குழு ப்ராஜெக்டில் வேறொரு சிக்கல். நான்கு பேர் சேர்ந்து ஒரு மொபைல் ஆப் செய்திருப்பீர்கள். ‘நூலகப் புத்தகங்களைத் தேடும் ஆப் உருவாக்கினோம்’ என்று எழுதினால் உங்கள் பங்கு தெரியாது. ‘உருவாக்கினேன்’ என்றால் மற்ற மூன்று பேரின் உழைப்பையும் நீங்கள் எடுத்துக்கொண்டதாகிவிடும். நேர்காணலில் வசமாக மாட்டிக்கொள்வீர்கள். முதல் பாதியில் குழு, இரண்டாம் பாதியில் நீங்கள் என்று எழுதுவதுதான் நேர்மையான வழி. ‘நால்வர் குழுவில் நூலகத் தேடல் ஆப்; சுமார் 1,200 நூல்களின் விவரங்களை உள்ளிட்டு, ஒரே நூல் இருமுறை பதிவானவற்றைக் கண்டுபிடித்து நீக்கினேன்.’ மற்றவர்கள் ப்ரோகிராம் எழுதினார்கள், நான் விவரம்தானே ஏற்றினேன் என்று கூச்சப்பட வேண்டாம். விவரங்களைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆளைத் தேடும் அலுவலகங்கள் நிறைய இருக்கின்றன.

சம்பளமில்லாத குடும்ப வேலையையும் இதே போல் எழுதலாம். ‘அப்பாவுக்கு உதவினேன்’ என்பதற்குப் பதிலாக, ‘குடும்பத் தொழிலில் வார இறுதிகளில் பில் போடுதல், இருப்புக் கணக்குச் சரிபார்த்தல், 2023 முதல்.’ யாருடைய கடை என்பது வரியில் வர வேண்டியதில்லை. கேட்டால் மறைக்கவும் வேண்டியதில்லை.

மொழி பற்றி ஒரு வார்த்தை. விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே ரெஸ்யூமே இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு வரியையும் வினைச்சொல்லில் தொடங்கச் சொல்வார்கள். முதல் சொல்லே வேலையைச் சொல்லிவிடும். தமிழில் வினை வரியின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் தமிழில் எழுதினால் வரியின் தலையில் எண்ணிக்கையையோ செய்த பொருளையோ வையுங்கள். ஓடும் கண்ணுக்கு அதுதான் படும். ‘நான்’ என்று எழுதவே தேவையில்லை. ‘தொகுத்தேன்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘நான்’ இருக்கிறதே. எந்த மொழியானாலும் ‘பங்கேற்றேன்’, ‘உதவினேன்’, ‘ஈடுபட்டேன்’ மூன்றையும் கண்ட இடத்தில் சந்தேகப்படுங்கள். அவற்றுக்குப் பின்னால் உண்மையான வினை ஒன்று ஒளிந்திருக்கும். எண்ணினேன், அழைத்தேன், திருத்தினேன், வரைந்தேன் என்று ஏதாவது.

படி 4: எந்தப் பகுதி எங்கே?

மேலே பெயர், கொஞ்சம் பெரிய எழுத்தில், சான்றிதழில் இருப்பது போலவே. கீழே ஃபோன் நம்பர், மெயில், வசிக்கும் ஊர். முழு வீட்டு முகவரி தேவையில்லை. பள்ளிக்கூட வயதில் விளையாட்டாக உருவாக்கிய மெயில் ஐடியை இங்கே போடாதீர்கள். பெயரை மட்டும் வைத்துப் புதிதாக ஒன்று உருவாக்க ஐந்து நிமிடம் ஆகாது. லிங்க்ட்இன், கிட்ஹப், போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) இருந்தால் இணைப்புக் கொடுங்கள். உள்ளே போனால் ஏதாவது இருக்க வேண்டும். காலியான பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பு உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

பிறந்த தேதி, மதம், திருமண நிலை, பெற்றோர் பெயர், அடையாள அட்டை எண் இதெல்லாம் பயோடேட்டா காலத்துப் பழக்கம். விண்ணப்பப் படிவம் தனியாகக் கேட்டாலொழிய ரெஸ்யூமேயில் வேண்டாம். அடையாள எண்ணை முகம் தெரியாத பத்து இடங்களுக்கு மெயிலில் அனுப்புவது ஆபத்தும்கூட. ஃபோட்டோ வைப்பதா என்பது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வைப்பதில்லை. ஜெர்மனியில் வைக்கும் வழக்கம் இன்னும் உண்டு. அதேபோல் பிரிட்டனில் சிவி என்று கேட்டால் இதே ஒரு பக்க, இரண்டு பக்க ஆவணம்தான். அமெரிக்காவில் சிவி என்றால் ஆய்வாளர்கள் எழுதும் நீளமான பட்டியல். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ‘குறிக்கோள்’ என்று ஒரு பத்தி எழுதச் சொல்லிப் பல மாதிரிகள் இருக்கும். ‘எனது திறமைகளை வளர்த்துக்கொள்ளச் சிறந்த நிறுவனத்தில் பணிபுரிய விரும்புகிறேன்.’ என் கருத்து: எடுத்துவிடுங்கள். உங்கள் விருப்பம் என்ன என்பது விண்ணப்பித்ததிலேயே தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் ஏதாவது வைத்தே ஆக வேண்டுமென்றால், யார், என்ன படிக்கிறார், இந்த வேலைக்குப் பொருந்தும் ஒரு விஷயம் என்று இரண்டே வரி. ‘மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவி. இரண்டு செமஸ்டர் துறைக் கருவிகளின் இருப்புப் பதிவைத் தனியாகப் பராமரித்தவர்.’ முடிந்தது.

மாணவருக்குக் கல்வி மேலேயே வரலாம். வேலைக்குப் போய் இரண்டு மூன்று வருடம் ஆன பிறகு அது கீழே இறங்கும். படிப்பு, கல்லூரி, எப்போது முடியும் என்ற மாதமும் வருடமும். முடியவில்லையே என்று தயங்காமல், ‘2027 மே மாதம் நிறைவு’ என்று எழுதலாம். மதிப்பெண் நன்றாக இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்; ஆனால் விளம்பரம் கேட்டிருந்தால் போட்டே ஆக வேண்டும். போடும்போது எத்தனைக்கு எத்தனை என்று சேர்த்து எழுதுங்கள். வெறும் 3.6 என்றால் நான்குக்கா பத்துக்கா என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. படித்த பாடங்களில் இந்த வேலைக்குச் சம்பந்தப்பட்ட நான்கைந்தை மட்டும் குறிப்பிடலாம்.

கல்விக்கு அடுத்து ‘பணி அனுபவம்’ என்ற தலைப்பே இருக்க வேண்டியதில்லை. ‘ப்ராஜெக்டுகள்’, ‘பொறுப்புகள்’, ‘அனுபவம்’ என்று உங்களிடம் இருப்பதற்கு ஏற்பத் தலைப்பு வையுங்கள். ‘பணி’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டாலே நோட்டில் இருக்கும் பாதி விஷயங்களுக்கு இடம் கிடைத்துவிடும். ஒவ்வொன்றிலும் புதியது முதலில், பழையது பின்னால். ஒரு பொறுப்புக்கு இரண்டு அல்லது மூன்று வரி.

திறன்கள் பகுதியில் சோதித்துப் பார்க்கக்கூடியவை மட்டும். ‘எக்ஸெல்’ என்று மொட்டையாக எழுதுவதைவிட ‘எக்ஸெல்: பிவட் டேபிள், சார்ட், அடிப்படை ஃபார்முலாக்கள்’ என்றால் உங்கள் அளவு தெரியும். ஐந்து நட்சத்திரத்தில் நான்கு, பட்டையில் முக்கால் என்று திறனைப் படமாக வரையும் டெம்ப்ளேட்கள் உண்டு. யார் அளந்து கொடுத்த முக்கால் அது? படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது, மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது. மொழிகளுக்கு ‘பேச, எழுத, வாசிக்க’ என்று எளிமையாகச் சொல்லலாம். ஐரோப்பிய அளவுகோலான ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு நிலைகளில் ஒன்றைக் குறிப்பதானால், தேர்வு எழுதியிருந்தால் நல்லது.

பொழுதுபோக்கு? ‘புத்தகம் படிப்பது, இசை கேட்பது’ எழுதினால் இடம்தான் வீண். ‘மூன்று வருடமாகப் பறவைகளைப் படம்பிடித்துப் பட்டியலிடுகிறேன்’ என்பது பேச்சைத் தொடங்கிவைக்கும். இல்லாவிட்டால் அந்தப் பகுதியே வேண்டாம். பரிந்துரைப்பவர்களின் பெயரையும் ரெஸ்யூமேயில் போட வேண்டாம். ஆனால் ஓர் ஆசிரியரிடமாவது முன்கூட்டியே கேட்டு வையுங்கள். திடீரென்று அவருக்கு ஃபோன் போனால் ‘யாரு?’ என்று கேட்டுவிடக் கூடாது. ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ என்ற உறுதிமொழியும் யாரும் கேட்காதவரை தேவையில்லை.

படி 5: பக்கத்தை அமைப்பது

ஒரு பக்கம். மாணவருக்கு இரண்டாம் பக்கம் தேவைப்படுவது மிக அரிது. ஏ4 தாள், 210-க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்கா, கனடாவுக்கு அனுப்பினால் அங்கே லெட்டர் அளவு. ஓரங்களில் 2 முதல் 2.5 சென்டிமீட்டர் இடைவெளி, எழுத்தின் அளவு 10 முதல் 12, ஒரே ஃபான்ட். இடம் போதவில்லை என்று எழுத்தை 8-க்குக் குறைப்பதைவிட ஒரு வரியை வெட்டுவது நல்லது. இரண்டு நெடுவரிசை, டெக்ஸ்ட் பாக்ஸ், டேபிள், ஐகான் எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். டிசைன் வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு மட்டும் விதிவிலக்கு, அவர்களும் சாதாரணமான ஒரு பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

மென்பொருளுக்கு உங்கள் ரெஸ்யூமே எப்படித் தெரியும் என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பிடிஎஃப் ஆக்கிய பிறகு அதைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, காப்பி செய்து, நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். வரிசை குலையாமல் வந்தால் சரி. பெயருக்குப் பக்கத்தில் திறன்கள் ஒட்டிக்கொண்டு, கல்லூரிப் பெயர் கடைசியில் போய்க் கிடந்தால் அமைப்பில் கோளாறு. எதையுமே செலக்ட் செய்ய முடியவில்லை என்றால் உங்கள் பிடிஎஃப் வெறும் படம். உள்ளே எழுத்தே இல்லை.

டெம்ப்ளேட் பயன்படுத்தியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிடிஎஃப்பை பிரவுசரில் திறந்தால் மேலே உள்ள டேப்பில் ஒரு தலைப்பு வரும். அது ஃபைலின் உள்விவரத்திலிருந்து வருவது. அங்கே டெம்ப்ளேட்டின் பெயரோ, அதை முதலில் எழுதிய சீனியரின் பெயரோ அப்படியே இருந்துவிடும். ஃபைல் ப்ராப்பர்ட்டீஸில் போய்த் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மாற்றிவிட்டு மறுபடி பிடிஎஃப் ஆக்குங்கள். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது ‘ரெஸ்யூமே ஃபைனல் புதுசு 3’ வேண்டாம். உங்கள் பெயர், அப்புறம் ரெஸ்யூமே, அவ்வளவுதான். வேர்டு ஃபைல் கேட்டால் வேர்டு, இல்லாவிட்டால் பிடிஎஃப்.

ஏஐ கருவிகளிடம் கொடுத்து எழுதி வாங்கலாமா என்று கேட்பீர்கள். முழுதாக எழுதச் சொன்னால், நீங்கள் செய்யாததையும் அது சேர்த்துவிடும், எல்லோருடையதும் ஒரே குரலில் இருக்கும். அதைவிட, ‘இந்த வரியைப் படித்துவிட்டு என்னிடம் ஐந்து கேள்வி கேள்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் கருத்தரங்கு மாணவரிடம் நான் கேட்டது போன்ற கேள்விகள் வரும். பதிலை நீங்களே எழுதுங்கள்.

படி 6: அனுப்பும் முன்

ஒரு ராத்திரி ஆறப்போடுங்கள். மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் வாக்கியம் சரியில்லை. அப்புறம் கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். எழுத்துப் பிழை அப்போதுதான் கண்ணில் படும். தேதிகள் எல்லா இடத்திலும் ஒரே வடிவில் இருக்கின்றனவா? இணைப்புகளை உங்கள் கணக்கில் லாகின் ஆகாத விண்டோவில் திறந்து பாருங்கள். உங்களுக்குத் திறக்கும் ஃபைல் மற்றவர்களுக்கு ‘அனுமதி இல்லை’ என்று காட்டலாம். ஃபோன் நம்பரை, ரெஸ்யூமேயைப் பார்த்து இன்னொரு ஃபோனிலிருந்து அடித்துப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். ஓர் எண் மாறிப்போய், ஏன் யாருமே கூப்பிடவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருந்தவரை எனக்குத் தெரியும்.

இரண்டு பேரிடம் காட்டுங்கள். உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர். ‘அதை ஏன் விட்டே?’ என்று கேட்பார். உங்களைத் தெரியாத இன்னொருவர். அவரிடம் பத்து நொடி மட்டும் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டு, என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் நினைவில் நிற்க வேண்டும் என்று நினைத்தது அவர் வாயில் வரவில்லையென்றால், அது பக்கத்தில் மேலே ஏற வேண்டும்.

இத்தனை செய்தும் பக்கம் பாதிதான் நிறைந்திருக்கிறது என்றால், ரொப்பாதீர்கள். பாதிப் பக்கமாகவே அனுப்பலாம், தப்பில்லை. அதே சமயம் அடுத்த மூன்று வாரத்தில் முடிக்கக்கூடிய ஏதாவது ஒன்றைத் தொடங்குங்கள். நூலகத்திலோ தொண்டு அமைப்பிலோ வாரம் நான்கு மணி நேரம், பாடத்தில் படித்ததை வைத்து ஒரு சின்ன ஆய்வு, நண்பரின் சிறு தொழிலுக்கு ஒரு விலைப்பட்டியல். சின்னதாக இருக்கட்டும், முடிந்திருக்கட்டும்.

அனுப்புவது

வெற்று மெயிலில் ஃபைலை மட்டும் இணைத்து அனுப்பாதீர்கள். தலைப்பில் வேலையின் பெயரும் உங்கள் பெயரும். உள்ளே நான்கைந்து வரி: எந்த வேலை, எங்கே பார்த்தீர்கள், உங்களிடம் அதற்குப் பொருந்தும் ஒன்று, எப்போதிலிருந்து வர முடியும். இணைக்கும் ஃபைல் சரியானதுதானா என்று ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அனுப்பியதும் ஒரு சின்ன ஸ்ப்ரெட்ஷீட்டில் தேதி, நிறுவனம், வேலை, எந்தப் பிரதி என்று குறித்துவிட்டு, அந்த விளம்பரத்தையும் காப்பி செய்து சேமித்து வையுங்கள். விண்ணப்பத் தேதி முடிந்ததும் விளம்பரம் நெட்டிலிருந்து காணாமல் போகும். மூன்று வாரம் கழித்து நீங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது ஃபோன் வரும். “நீங்க அனுப்பின ரெஸ்யூமேல கேமரா இருப்புப் பதிவுன்னு ஒரு வரி இருக்கே, அதைப் பத்திச் சொல்லுங்க” என்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் பிரதி எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.